பரவாயில்லைங்க

லோகநாயகி அதைச் சொன்னபோது என் கையில் தயிர்சாதம் இருந்தது. ஒரு கவளம் உருட்டி வாய்க்கு அருகில் கொண்டுபோயிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. “அக்கா, உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா? நீங்க எழுதி வெக்கற கம்ப்ளெய்ன்ட்டை எல்லாம் சாயங்காலம் சார்தானுங்க உக்காந்து மாத்தி எழுதறாரு. நீங்க பஸ்ஸுக்குப் போனதுக்கப்பறம் ஒவ்வொருத்தருக்கும் போனைப் போட்டு மறுபடியும் கேக்கறாருங்க. நீங்க சேந்த மொத மாசத்துல இருந்தே அப்படித்தானுங்க.” சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினாள். முட்டைப் பொரியல் பாதி மிச்சம் இருந்தது. அதையும் அவளே சாப்பிட்டிருக்கலாம், என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். காதில் விழுந்தது மண்டைக்கு ஏற எனக்கு நேரம் பிடித்தது. ஏழு மாதம். ஏழு மாதமாக, போன வாரம் ஒன்றைத் தவிர, நான் எழுதிய ஒரு வரிகூட இந்த ஆபீசை விட்டு வெளியே போகவில்லை. இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஹெட்போன் தலையில் இருக்கிறது, கை கழுவினேனா என்றுகூட நினைவில்லை, விரல் இடுக்கில் தயிர் காய்ந்து தோல் இழுக்கிறது. எதிரே கண்ணாடி அறைக்குள் வெள்ளியங்கிரி சார் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருக்கிறார். “நாலு மணிக்கு மேல கொஞ்சம் வந்துட்டுப் போங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க” என்று காலையில் சொன்னார். வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வெட்கங்கெட்டவள், அதற்காக இன்றைக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மடத்தனத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் லோகநாயகி வாயைத் திறந்திருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பிரம்மசக்தி அக்கா லைனையும் நீயே பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டதாம். பிரம்மசக்தி அக்காவிடம், அதாவது என்னிடம், சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

என்ன பெரிய வேலை இது. பம்பு செட் கம்பெனி, புகார் பிரிவு. மோட்டார் ரிப்பேர் என்று விவசாயி போன் செய்வார், அவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடித்து வைக்க வேண்டும், மறுநாள் காலையில் மெக்கானிக் அதைப் படித்துவிட்டு அதற்குத் தக்க சாமானை எடுத்துக்கொண்டு போவான். இவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். அவர் சொல்வதை அடி என்றார்கள், அடித்தேன். மோட்டார் உறுமுது என்றால் உறுமுது. ராத்திரியெல்லாம் அழுகுதும்மா என்றால் அழுகுது. ஒரு வார்த்தை விடாமல் அடித்தேனே. அதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்து சீட்டில் லோகநாயகி இரண்டே வரியில் முடிப்பதைப் பார்த்து, இவளுக்குச் சோம்பல் என்று நினைத்திருக்கிறேன். அவள் ஏதேதோ கேள்வி கேட்பாள், நான் இந்தப் பக்கம் என் அழைப்பில் இருப்பேன், என்ன கேட்கிறாள் என்று காது கொடுத்ததில்லை. கேட்டிருக்கலாம். சரி, கேட்டிருக்கலாம், அது என் தப்பு. ஆனால் தப்பு என்று தெரிந்தால்தானே இன்னொருத்தியைப் பார்த்துக் கேட்கத் தோன்றும்? நன்றாகச் செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் எதற்குப் போய்க் கேட்பாள்? நன்றாகச் செய்கிறேன் என்று நானாக நினைத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னார். அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சிரிக்கிறாரே, அவர் சொன்னார்.

பரவாயில்லைங்க. இந்த ஒரு சொல். முதல் வாரம் நான் எழுதியதைத் திரையில் பார்த்துவிட்டு, மோவாயைத் தடவிக்கொண்டு, “பரவாயில்லைங்க” என்றார். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் அது பட்டாபிஷேகம். பத்தாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது அப்பா மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு “பரவால்லையே” என்றார், அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினாள். பெரியத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் மீன்குழம்பைப் பரவாயில்லை என்றிருக்கிறாள், அதைச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரன் இன்னொருவரைப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு மழை வரும். அதனால் பரவாயில்லை என்பதுதான் உச்சி, அதற்குமேல் படியே கிடையாது. அந்தச் சொல்லை ஒரு மேனேஜர், கோயம்புத்தூரில், பெரிய கம்பெனியில், சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்கிறார், அதுவும் ஒரு ‘ங்க’ போட்டு. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தேன். யம்மா, சார் பரவால்லைன்னுட்டாரு. அம்மா அழுதாள், அந்தப்பக்கம் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு ஒவ்வொரு வாரமும். எட்டிப் பார்ப்பார், மோவாயைத் தடவுவார், பரவாயில்லைங்க. அவருக்கு அது, தொலையட்டும், இருக்கட்டும், என்ன செய்வது, நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அது மாலை மரியாதை. ஒரே சொல்லில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஏழு மாதம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். அந்த மோவாய் தடவலையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா? யாராவது ஒருவரைப் பாராட்டும்போது மோவாயைத் தடவுவார்களா? யோசித்துப் பார்த்தால் முகமெல்லாம் கூசுகிறது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு அல்வா வேறு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், இரக்கமான பார்வை. பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் பார்ப்போமே, அப்படி. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

மணி அடிக்கிறது. எடுத்தேன். “ஏனுங்க, காங்கயத்துல இருந்து பேசறனுங்க. மோட்டார் ஓடுதுங்க, தண்ணி மட்டும் வரலீங்க.” சொல்லுங்கய்யா என்றேன். சொன்னார். நேற்று வந்ததாம், முந்தாநாளும் வந்ததாம், இன்றைக்குக் காலையில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டதாம். வாழைக்குத் தண்ணி விட வேண்டுமாம், மகனுக்கு அடுத்த வாரம் கல்யாணமாம், வீட்டில் விருந்தாளிகளாம். என் விரல் பாட்டுக்கு எல்லாவற்றையும் அடிக்கிறது. பாதியில் நிறுத்தினேன். கல்யாணம் எதற்கு? மெக்கானிக்குக் கல்யாணம் எதற்கு? அப்படியானால் எது வேண்டும்? எதைக் கேட்க வேண்டும்? தெரியவில்லை. இதுதான் கொடுமை, தப்பு என்று தெரிந்துவிட்டது, சரி எது என்று இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. “ஹலோ, இருக்கறீங்களா அம்மிணி?” இருக்கேன்யா என்றேன். “நாளைக்கு ஆளை அனுப்பிப்போடுவீங்களா?” அனுப்புவாங்கய்யா என்றேன். யார் அனுப்புவார்கள்? இன்றைக்குச் சாயங்காலம் சார் உங்களுக்குப் போன் செய்து, நான் கேட்காமல் விட்டதைக் கேட்டு, என் மானத்தைக் காப்பாற்றுவார். அதற்குப் பிறகுதான் ஆள் வருவான். வைத்துவிட்டார். திரையில் வாழை, கல்யாணம், விருந்தாளி எல்லாம் நிற்கிறது. அழிக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை.

போன வாரம் சார் இல்லை. அவருடைய அக்கா மகளுக்குச் சீர் என்று தாராபுரம் போயிருந்தார், வாரம் முழுக்க லீவு. அந்த ஒரு வாரம் நான் எழுதியது எழுதியபடியே மெக்கானிக்குகள் கைக்குப் போயிருக்கிறது. மாத்தி எழுத ஆளில்லை. ஊரெல்லாம் ரகளை. இந்தச் சாமான் தேவைப்பட்ட இடத்துக்கு அந்தச் சாமான், ஒருத்தன் போய் நின்ற இடத்தில் நாலு பேர் தேவை, நாலு பேர் போன இடத்தில் ஒரு ஃபியூஸ். மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. எனக்கு அப்போதும் தெரியாது. மெக்கானிக் பையன்கள் என் சீட்டைத் தாண்டிப் போகும்போது வாயை மூடிக்கொண்டு போனார்கள், சாதாரணமாக ஒரு வணக்கம்க்கா இருக்கும். அவர்களுக்கு ஏதோ சம்பளத் தகராறு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எச்.ஆர். பெண் நிவேதா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, டிஷ்யூ பேப்பர் டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். தூக்கம் சரியா வருதா மேடம்? வீட்டுல ஏதாவது பிரச்சினை இருக்கா? மன அழுத்தம் மாதிரி? இந்த வேலைல ஆர்வம் குறைஞ்ச மாதிரி ஃபீல் பண்றீங்களா? உங்களை ஊக்கப்படுத்த நாங்க என்ன செய்யலாம்? எல்லாம் கேட்டாள். தைராய்டு இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். ஒருவர் வேலை ஓடாததற்கு இந்த உலகத்தில் என்னென்ன காரணம் உண்டோ அத்தனையும் அவளிடம் இருந்தது. வேலையை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்ற ஒன்று மட்டும் இல்லை. நானும் நல்ல பெண்ணாட்டம், ஒரு பிரச்சினையும் இல்லம்மா, சார் ரொம்ப நல்லா பாத்துக்கிடுதாரு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அந்த டப்பாவைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுப் பிரச்சினை. அங்கேதான் எல்லோருக்கும் கண் போகிறது. புருஷனை விட்டுவிட்டு வந்தவள், ஒரு பெண் குழந்தையோடு தனியாக இருக்கிறவள், இவளுக்கு வேலையில் எப்படிப் புத்தி நிற்கும். இன்டர்வியூவில் கேட்டார்கள் என்று உள்ளதைச் சொன்னேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சொன்ன அந்த நிமிஷமே வெள்ளியங்கிரி சாருடைய முகம் இளகியது, நானே பார்த்தேன். அப்போது அது எனக்கு ஆறுதலாக இருந்தது. இன்றைக்கு லோகநாயகி சொல்கிறாள், “சார் எங்ககிட்டயும் சொல்லிப்போட்டாருங்கக்கா. அந்தம்மா பாவம், நொந்து வந்திருக்குது, யாரும் கொறை சொல்லிப்போடாதீங்கன்னு.” பாவம். ஒரு ஆபீஸ் முழுக்க என்னைச் சுற்றி உட்கார்ந்து ஏழு மாதமாகப் பாவம் பார்த்திருக்கிறது. டீ குடிக்கும்போது, பிறந்தநாள் கேக் வெட்டும்போது, என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்கும்போது. இதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை, அதுதான் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டேன் என்கிறது. என் மகள் சுடருக்கு ஸ்கூலில் இடம் இல்லை என்று சொன்னபோது இவர்தான் தன் பைக்கில் போய்த் தலைமையாசிரியையிடம் பேசி வாங்கிக்கொடுத்தார். வாடகை வீடு பார்த்துக்கொடுத்தார். எனக்காக ஏழு மாதம் இருட்டும்வரை உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. அவ்வளவும் செய்யத் தெரிந்த மனுஷனுக்கு, ஏம்மா, நீ எழுதறது தப்பு என்று நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை. கம்பெனியில் அவரைப் பயிற்சிக்கு வேறு அனுப்பினார்கள், அவினாசி ரோட்டில் ஏதோ ஹோட்டலில், ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று. திரும்பி வந்து எங்களுக்கெல்லாம் சொன்னார், குறையைச் சொல்வதென்றால் மேலே ஒரு பாராட்டு, கீழே ஒரு பாராட்டு, நடுவில் குறையை வைத்து சாண்ட்விச் மாதிரிக் கொடுக்கணுமாம். எனக்கு இரண்டு பக்கத்து ரொட்டியையும் கொடுத்தார். நடுவில் இருந்ததை அவரே தின்றுவிட்டார்.

பாளையங்கோட்டையில் பார்சல் ஆபீசில் இருந்தேன், ஆழ்வார்நாயகம் முதலாளி. அந்த ஆளைப் புகழவில்லை, அந்த வாயைப் பினாயில் ஊற்றிக் கழுவினாலும் நாற்றம் போகாது. முதல் நாளே, ஏட்டி, தூத்துக்குடி மூட்டைய தென்காசி வண்டியில ஏத்திருக்க, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு என்று நாலு லோடுமேன்களுக்கு முன்னால் கேட்டார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாள் போனேன், வேறு வழி இல்லை. ஆனால் தூத்துக்குடி மூட்டை அதற்குப் பிறகு தென்காசி போகவில்லை. இரண்டு வாரத்தில் அந்த வேலை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவர் திட்டினார், நான் திருந்தினேன், அதற்குமேல் அவருக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. அவர் என்னைப் பாவம் என்று நினைத்ததே இல்லை, என் புருஷன் யார் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் நடுவில் ஒரு மனுஷன் இருக்கவே மாட்டானா? சத்தம் போடாமல், மரியாதையாக, ஆனால் உள்ளதைச் சொல்கிற ஒரு ஆள்? அப்படிக் கேட்பது அதிகமா? இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’. வாங்க, போங்க, பார்த்துக்கலாமுங்க. நாயைக்கூட அந்தப்பக்கம் போங்க என்று சொல்வார்களோ என்று சுடரிடம் சிரித்திருக்கிறேன். அவளுக்கும் இப்போது அது ஒட்டிக்கொண்டுவிட்டது. போன வாரம், சாம்பார் எப்படிட்டி இருக்கு என்று கேட்டேன். பரவாயில்லைங்கம்மா என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தட்டில் பாதி சோறு மிச்சம் வைத்திருந்தாள், வயிறு நிறைந்துவிட்டது போல என்று எடுத்து நானே சாப்பிட்டேன். அதில் உப்பு இல்லை. நான் சாப்பிடும்போதே தெரிந்தது உப்பு இல்லை என்று, ஆனாலும் பிள்ளை பரவாயில்லை என்றாளே என்றுதான் நினைத்தேன். அடிப்பாவி. நீயுமா?

இந்த வேலை போனால் அந்த ஸ்கூலும் போகும், வீடும் போகும். ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அண்ணன் வீட்டு மாடி அறை, பழைய கட்டில், உடைந்த ஃபேன், அதற்கு நடுவில் நானும் என் பெண்ணும். அண்ணி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அவளும் நல்லவள், காபி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான். என்னைச் சுற்றி ஏன் இத்தனை நல்லவர்கள்? அம்மாவிடம் என்ன சொல்வேன்? பரவாயில்லை என்றார்களே என்று கேட்பாளே. மறுபடியும் மணி அடிக்கிறது. எடுக்கும்போதே அந்தப்பக்கம் மூச்சு வாங்குகிறது. “ஏனுங்க, பொங்கலூருங்க. போன வாரம் ஒரு பொம்பளைகிட்ட கம்ப்ளெய்ன்ட் குடுத்தனுங்க. தண்ணி பாதி வந்து எறங்கிப்போகுதுன்னு சொன்னனுங்க. வந்த பையன் கெணத்து வால்வைத் தூக்கிட்டு வந்து நின்னானுங்க. எங்களுது போருங்க! பைப்பை மேல தூக்கறதுக்கு வண்டியும் ஆளும் வேணும், அவன் ஒத்தைல வந்து வானத்தைப் பாக்கறானுங்க. மறுக்கா வர்றேன்னு போனவன் இன்னும் வரலீங்க. ரெண்டு ஏக்கரா தக்காளி, பூ எடுத்த செடி, அத்தனையும் வாடிப்போச்சுங்க. அந்தப் பொம்பளை யாருங்க?” நான்தான்யா என்று சொல்ல வாய் வந்தது. வந்தது வரட்டும் என்று சொல்லியும்விட்டேன். “நான்தான்யா எழுதுனேன். தப்பா எழுதிட்டேன்.” பிறகு அவர் குரல் அப்படியே இறங்கியது. “செரி, உடுங்கம்மிணி. தெரியாமத்தான பண்ணியிருப்பீங்க. பரவாயில்லைங்க.” இவரும். தக்காளி வாடிப்போனவர், அவரும் என்னை மன்னிக்கிறார். திட்டுங்கய்யா என்று கத்த வேண்டும்போல இருந்தது. உங்களுக்கில்லாத உரிமையா, நாலு வார்த்தை நறுக்கென்று கேளுங்கள். இன்றைக்கே வண்டியும் ஆளும் வரச் சொல்லுதேன் என்று சொல்லி, மெக்கானிக் பையனைக் கூப்பிட்டு, நானே நின்று அனுப்பினேன். ஆழ்துளை போரா, திறந்த கிணறா. இதைக் கேட்டிருக்க வேண்டும். இது ஒன்று தெரிந்துவிட்டது. இதை எனக்குச் சொல்ல ஒரு மனுஷனின் தக்காளி வாட வேண்டியிருந்தது.

கண்ணாடி அறையிலிருந்து கை அசைந்தது. எழுந்து போனேன். காபி வாங்கி வைத்திருந்தார், எனக்கு ஒன்று அவருக்கு ஒன்று. உக்காருங்க என்றார். பாப்பா நல்லா படிக்குதுங்களா என்றார். வெயில் இப்பவே இப்படி அடிக்குதுங்க என்றார். மேஜைக் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். “அதாவதுங்க, உங்க உழைப்பைப் பத்தி எங்களுக்கு ரெண்டாவது கருத்தே இல்லீங்க. டயத்துக்கு வர்றீங்க, ஒரு நாள் லீவு போட்டதில்லை. இந்த வேலை உங்களுக்குத் தோதுப்படுமான்னு, அதாவது உங்க தெறமைக்கு வேற ஏதாவது...” ரொட்டி வந்துவிட்டது என்று தெரிந்தது. “சார், என் வேலையில என்ன தப்பு?” என்றேன். “தப்புன்னு இல்லீங்க.” “தப்பு இல்லாமலா தினமும் ராத்திரி உக்காந்து திருத்துனீங்க?” அவர் முகம் வெளிறியது. கதவுப் பக்கம் பார்த்தார், யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பது தெரிந்தது. “அது, சும்மா ஒரு சின்ன...” “சார், திட்டுங்க.” “அட, என்னங்க நீங்க. காபியைக் குடிங்க.” “எனக்குக் காபி வேண்டாம். இன்னைக்கு ஒருத்தர் தக்காளி செடி வாடிப்போச்சுன்னு சொல்லுதாரு, அவரும் திட்டமாட்டேங்காரு. நீங்களாவது திட்டுங்க. என்னத்த கிழிச்சேன்னு கேளுங்க. உங்க பிள்ளை இப்படிச் செஞ்சா என்ன கேப்பீங்களோ அதைக் கேளுங்க.” குரல் ஓங்கிவிட்டது, வெளியே லோகநாயகி ஹெட்போனைக் கழற்றுவது தெரிந்தது. அவர் எழுந்தார், உட்கார்ந்தார். காபி டம்ளரைத் தள்ளினார், மேஜையில் சிந்தியது. அப்புறம் எங்கிருந்தோ வந்தது. “ஏம்மா, போரா கெணறான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா உனக்கு? சிங்கிள் பேஸா த்ரீ பேஸா கேக்கோணும். மோட்டார் வாங்கி எத்தனை வருசமாச்சு, சத்தம் வருதா வரலையா, அதைக் கேக்கோணும். அவன் கல்யாணம் சீமந்தம் எல்லாம் எழுதி வெச்சிருக்கற, மெக்கானிக் என்ன மொய் வெக்கவா போறான்? தெனமும் நான் எத்தனை பேருக்குக் கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? எம் பையனுக்குப் பரீச்சை, நான் வீட்டுக்குப் போறப்ப அவன் தூங்கிப்போயிருப்பான். கோவம் வராம இருக்குமா எனக்கு? வந்துச்சு. அத்தனை கோவம் வந்துச்சு!” முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தது. ஒரு ‘ங்க’ இல்லை.

அவ்வளவுதான். நாலு கேள்வி. போரா கிணறா, சிங்கிளா த்ரீயா, எத்தனை வருஷம், சத்தம் வருகிறதா. சிந்திய காபி மேஜை ஓரத்துக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அந்த வேலை இப்போது தெரியும். வெளியே போய் உட்கார்ந்தால் இந்த நிமிஷமே செய்வேன். “புரிஞ்சது சார்” என்றேன். “திங்கட்கிழமை முதல் இப்படியே எழுதுதேன்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் காபியைத் துடைத்தார். “இல்லீங்க” என்றார். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. “மேல முடிவு பண்ணிட்டாங்க. நானும் கையெழுத்துப் போட்டுட்டனுங்க. நேத்தே.” நேத்தே. அப்படியானால் இந்தக் கோபமும் பிரயோஜனமில்லாத கோபம், எனக்குக் கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்காமல் உள்ளேயே வைத்துக் கெட்டுப்போன பிறகு எடுத்து நீட்டுகிறார். “முன்னாடியே ஏன் சொல்லல சார்?” “நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க. மனசு நொந்துபோயிருமேன்னுதானுங்க.” நான் எழுந்தேன். அவரும் பதறி எழுந்தார், கதவுவரை வந்தார், குரலைத் தாழ்த்தினார். “நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எந்தக் கம்பெனில இருந்து உங்களைப் பத்திக் கேட்டாலும் நான் நல்லவிதமாச் சொல்றனுங்க. வேலை பிரமாதம்னே சொல்லிப்போடறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றேன். “அந்தப் பொம்பளைக்கு வேலை தெரியல, கேள்வி கேக்காம எழுதுனான்னு சொல்லுங்க. நாலு கேள்வி சொல்லிக்கொடுத்தாப் போதும், செஞ்சிருவான்னு சொல்லுங்க. அந்த நாலையும் சொல்ல எங்களுக்கு ஏழு மாசம் ஆச்சுன்னும் சொல்லுங்க.” அவர் மோவாயைத் தடவினார். “சரிங்க” என்றார். சொல்லமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இவர்கள் ‘சரிங்க’வுக்கு என்ன அர்த்தம் என்று இனிமேல் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.